சூரியன் இறங்கும்வரை

தலைநகர் ஹோனியாராவிலிருந்து சவப்பெட்டியோடு கிளம்பிய படகு சாபெரே கரைக்கு வந்தபோது ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியிருந்தது. பெட்டிக்குள் கிலிவிசி. அவன் மனைவி எஸ்லினை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். காய்ச்சல்தானே, நான்கு நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

குழியில் மண் விழுந்துகொண்டிருந்தது. கொழுந்தன் ஹெஸ்ரோன் அவள் காதருகே குனிந்தான்.

“அண்ணி, அவ வந்துட்டா.”

அவன் சொல்வது ஆமையை என்று எஸ்லினுக்குப் புரிந்தது. கடலாமைகளைப் பற்றிப் படித்து, ஆராய்ச்சிக்கென்று சொந்தத் தீவுக்கே திரும்பியவள் எஸ்லின். அவளும் கிலிவிசியும் வருஷக்கணக்காகக் காவல் காத்த கரைக்கு ஏழுவரி ஆமைகள் ஒவ்வொன்றாக வராமல் போயின. பாதிப் படகு அளவுக்கு இருக்கும் அந்தக் கறுத்த உடம்பு போன பருவத்தில் ஒரு தடவைகூட மணலில் ஏறவில்லை.

“முட்டை?”

“பத்திரமா இருக்கு. கடல் பொங்கி அந்த இடத்தையே அரிச்சுட்டுப் போயிருச்சு. அதுக்குள்ள எடுத்து, மேட்டுல நாம முட்டைக்குன்னு போட்ட வேலிக்குள்ள புதைச்சுட்டோம். ஒண்ணுகூட உடையல அண்ணி.” அழுது வீங்கிய முகத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்திருந்தது. அண்ணிக்குத் தர அவனிடம் இருந்த ஒரே நல்ல சேதி அது.

“எப்பப் போட்டுச்சு?”

“வெள்ளிக்கிழமை ராத்திரி, ஓய்வுநாள் தொடங்கினப்புறம்.”

“எடுத்தது?”

“நேத்துப் பொழுது சாஞ்சு ஓய்வுநாள் முடிஞ்சதும். ஓய்வுநாள்ல ஆமை பின்னாடி அலைஞ்சான், அதான் கர்த்தர் அடிச்சாருன்னு அண்ணனப் பத்தி ஊரே பேசுது. செத்தப்புறமும் அவருக்குப் பேச்சு வேணாம்னு சூரியன் இறங்குறவரைக்கும் நாங்க விரல் வைக்கல. சுத்தி உக்காந்து உடும்பு, நாய் அண்டாமப் பாத்துக்கிட்டோம்.”

“எதுல தூக்கிட்டுப் போனீங்க?”

“கிழங்குக் கூடையில. மணல் போக அலசிட்டுத்தான் புதைச்சோம்.”

 போட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்தால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதன்பின் கரு மேலே எழும்பி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபிறகு முட்டை புரண்டால் அது அறுந்து செத்துவிடும். இதை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லும்படி நேர்ந்ததில்லை. எந்தக் கிழமையானாலும் கிலிவிசியே அன்று இரவே போய் எடுத்துவிடுவான்.

எஸ்லின் வேலியை நோக்கி ஓடினாள்.

“ஏண்டி, குழி இன்னும் மூடல, எங்க ஓடுற?” என்று கிலிவிசியின் அத்தை நவோமி கத்தினாள். “புடிங்கடி அவள! புத்தி பேதலிச்சுருச்சு.”

வேலிக்குள் மண்டியிட்டு விரல்களால் மணலை வழித்தாள். முதல் முட்டை தெரிந்தது. கரு ஒட்டிய இடத்தில் ஓடு வெளுத்திருக்கும். அந்த வெளுப்பு மேலே இருக்கவேண்டும். இதற்குப் பக்கவாட்டில் இருந்தது. அடுத்ததற்கும் அப்படியே. மூன்றாவதில் வெளுப்பையே காணோம், அடியில் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் வழித்தாள். ஒன்றே ஒன்று நேராக வெளுத்திருந்தது. அதன்மேல் வெயில் படாமல் கையைக் குவித்துப் பிடித்தாள். அதுவும் கூடையில் ஒருமுறை உருண்டு, திரும்ப நேராக விழுந்ததோ என்னவோ. தெரிந்துகொள்ள வழியில்லை.

ஹெஸ்ரோன் மூச்சிரைக்க வந்து நின்றான். “என்ன அண்ணி, கெட்டுப்போச்சா?”

இல்லை என்று சொல்லிவிடலாமென்று அவளுக்கு நாக்குவரை வந்தது.

“அனேகமா எல்லாம் போச்சு.”

“வெள்ளிக்கிழமையே எடுத்திருந்தா?”

“பொழைச்சிருக்கும்.”

அவன் பொத்தென்று உட்கார்ந்தான். “நல்லதுக்குத்தானே அண்ணி காத்திருந்தோம்...”

“தெரியும்டா. அப்புறம் அழு. பத்து நாள்ல அவ மறுபடியும் முட்டை போட வருவா. முன்னப்பின்ன ஆகும். அதுவும் ஓய்வுநாளா இருந்தா எடுப்பியா?”

ஹெஸ்ரோன் திரும்பிப் பார்த்தான். பெண்கள் மணலில் வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் பாஸ்டரும் வந்தார்.

“அண்ணனுக்கு இப்பதான் மண்ணு போட்டோம். அதுக்குள்ள என்னைய இதக் கேக்காதீங்க.”

“எடுப்பியா மாட்டியா?”

“முடியாது அண்ணி.”

“அப்ப நான் இங்கயே படுக்குறேன்.”

“துக்கம் காக்கணும்னு ஒரு மாசம் வீட்ட விட்டு வெளிய வர விடமாட்டாங்க உங்கள.”

நவோமி வந்து சேர்ந்தாள். “எழுந்திரு தாயி. செத்தவனுக்கு அழாம ஆமைக்கு அழுவியா?” என்று தோளைப் பிடித்தாள். இன்னொருத்தி இடுப்பைச் சுற்றி இழுத்தாள். எஸ்லின் வேலிக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மருத்துவமனையிலும் படகிலும் குழியருகிலும் வாய்விட்டு அழாதவள் இப்போது தொண்டை கிழியக் கத்தினாள்.

“மிதிச்சுராதீங்க!”

பெண்களின் கால்கள் நின்றன. பிடித்த கைகள் மட்டும் விடவில்லை.