வலப்பக்கம் தள்ளும் கை

ஆடைத் தொழிற்சாலையில் பல வருடம் நான் சட்டைக் காலர் மட்டும் தைத்தேன். என் நாத்தனார் பாக்கெட் மட்டும். எங்கள் பெயரே காலர், பாக்கெட் என்றாகிவிட்டது. அவரவர் பங்கை முடித்து வலப்பக்கம் தள்ளினால், மீதியை அடுத்தவர் பார்த்துக்கொள்வார். முழுச் சட்டை தைக்க எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

தொழிற்சாலையை மூடியதும் வாஷிங் மெஷின் பழுதுபார்க்கப் பயிற்சி தந்தார்கள். ஆறு வாரப் படிப்பு ஒன்று, ஒரு வருடப் படிப்பு ஒன்று. பாக்கெட் ஆறு வாரத்தில் முடித்து வேலைக்கும் போய்விட்டாள். நான் ஒரு வருடப் படிப்பில் சேர்ந்து வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். அவரும் அதே தொழிற்சாலையில் சட்டை தேய்த்தவர்தான், இப்போது காவலாளி.

"என் தங்கச்சி சம்பளம் வாங்குறா. நீ இன்னும் பையத் தூக்கிட்டு அலையுற. இந்த மாசத்தோட நிறுத்திடு."

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எந்த முகத்தோடு பதில் சொல்வது? வகுப்பில் மோட்டாரைச் சரிசெய்த கையோடு மெஷினை வலப்பக்கம் தள்ளிவிட்டு, அடுத்ததற்குக் காத்திருப்பேன். "அங்க யாரு இருக்கா, யாருக்கும்மா தள்ளுறீங்க?" என்பார் பயிற்சியாளர். மறுபடி பிரிக்கச் சொல்வார். இந்தப் பாழாய்ப்போன கையைத் திருத்தவே ஐந்து மாதம் போனது.

ஒரு மத்தியானம் பாக்கெட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். வேலை போய்விட்டது. ஒரு வீட்டில் மோட்டாரை மாற்றியவள், தண்ணீர்க் குழாயை மாட்டாமலே கிளம்பிவிட்டாள். அந்த வீடு முழுக்கத் தண்ணீர்.

"அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாது. மறந்துட்டியாக்கும்?" என்றார் அவள் அண்ணன்.

"மறக்கலண்ணா. என் வேலை முடிஞ்சுதுன்னே தோணுச்சு."

"வலது பக்கமாத் தள்ளினியா?" என்று கேட்டேன்.

அவள் தலைகுனிந்தாள். "சுவத்துல போய் முட்டுச்சு, அண்ணி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. ஆறு வாரத்தில் புது வேலையைக் கற்றுக்கொள்ளலாம், பழைய வேலையை மறக்க முடியுமா? அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். சிரிப்பு அடங்காமலே சாப்பிட்டு முடித்தவர், வழக்கம்போல் எச்சில் தட்டை வலப்பக்கம் தள்ளினார். அங்கேதான் நான் எப்போதும் உட்காருவேன். பாக்கெட் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் அதைத் தொடவில்லை.

"யாருக்குத் தள்ளுறீங்க?" என்றேன்.

சிரிப்பு நின்றது. தன் கையைப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அங்கிருந்தே, திரும்பாமல் கேட்டார்.

"படிப்பு எப்ப முடியும்?"

"இன்னும் ஏழு மாசம்."

"முடி. அவளையும் சேத்து விடு."