தொண்ணூற்றெட்டு யாருடையது

"நான் தொடல மணி. பைபிள் மேல கை வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன்."

"கைய அங்கிட்டெல்லாம் வைக்க வேணாம். இங்கிட்டு நீட்டுங்க. வெரலப் பாக்கணும்."

"ஜோசியமா? பாத்துக்க. ஆயுசு ரேகை கெட்டியாத்தான் இருக்கு. ஒன்னக் கட்டிப் பதினாறு வருசம் தாங்கியிருக்குல்ல."

"பேச்ச மாத்தாதீங்க."

பெலிக்ஸ் சிரித்துக்கொண்டே பத்து விரல்களையும் மனைவியின் முன்னால் விரித்தான். ஞானமணி நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, ஒவ்வொரு விரல் நுனியையும் டியூப் லைட்டுக்கு நேரே திருப்பிப் பார்த்தாள். கறம்பக்குடிக்குப் பஸ் ஓட்டுகிறவனின் கை. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய அந்தத் தோலில் ஆணி அடித்தாலே தடம் தெரியாது. ஊசி எங்கே தெரியப் போகிறது? அவள் கையை விட்டாள். சந்தேகத்தை விடவில்லை.

விவகாரம் இதுதான். சாயங்காலம் வேலைவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய இன்சுலினுக்காக அவள் சுகர் மிஷினை எடுத்தாள். கை தவறி வேறொரு பொத்தானில் பட, முன்னால் எடுத்த அளவு திரையில் வந்தது. செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று நாற்பத்திரண்டு, தொண்ணூற்றெட்டு. அன்றைக்குத்தான் செவ்வாய்க்கிழமை. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அவள் பள்ளிக்கூட ஆபீஸில் அட்மிஷன் பாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆபீஸுக்கென்று கைப்பையில் பழைய மிஷின் ஒன்று உண்டு. வீட்டு மிஷின் வீட்டைவிட்டு அசையாது.

"மிஷின்ல டைம் தப்பா ஓடும்" என்றான் பெலிக்ஸ்.

"செல்லுல வச்சு ஒத்துப் பாத்துட்டேன். ஒரு நிமிசங்கூட மாறல."

"அப்ப நீயே எடுத்துட்டு மறந்திருப்ப. சுகர் லோ ஆனா ஒனக்கு என்ன நெனப்பு இருக்கு? செருப்ப பிரிட்ஜுல வச்சவதான நீ."

"ஆமா. ஆபீஸுல லோ ஆகி, பஸ் ஏறி இங்க வந்து குத்திப் பாத்துட்டு, மறுபடி போயி சீட்டுல ஒக்காந்தேனாக்கும். தொண்ணூத்தெட்டுக்குப் பேரு லோவும் இல்ல."

பக்கத்து அறையில் கிட்டார் சத்தம் நின்றிருந்தது. பிறகு மகள் பிளெஸ்ஸி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

ஞானமணிக்குப் பத்தொன்பது வயதில் வந்த நோய். வயசாளிகளுக்கு வருகிற சர்க்கரை அல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திக்கொள்கிற சர்க்கரை. இருபத்திரண்டு வருடமாக நாளுக்கு நாலு ஊசி, ஆறு ஏழு முறை விரலில் குத்து. நோய் வருவதற்கு ஒரு வருடம் முன்னால்தான் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் பழகத் தொடங்கியிருந்தாள். இரண்டும் ஒரே விரல்களுக்குப் போட்டி போட்டன. இடது கை கம்பியை அழுத்த வேண்டும். அதைக் குத்தக் கூடாது. வலது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மீட்ட வேண்டும். அவற்றையும் தொடக் கூடாது. மிஞ்சியவை மோதிர விரலும் சுண்டு விரலும். அந்த இரண்டையும் நோய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றதைப் பாட்டுக்கு வைத்துக்கொண்டாள். மோதிர விரல் பார்க்க வேண்டிய வேலையையும் நடுவிரலே ஓடி ஓடிப் பார்த்தது. வாசிக்கும்போது மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பிளெஸ்ஸி. பதின்மூன்று வயது மகள், மூன்று வருடமாக மாணவி.

"நீ என்னை மாதிரி வாசிக்காத. ஒனக்கு அஞ்சு வெரலும் இருக்கு" என்பது ஞானமணி மகளுக்குச் சொன்ன முதல் பாடம்.

அந்தச் செவ்வாயிலிருந்து ஞானமணி கணவனை நோட்டம்விடத் தொடங்கினாள். சந்தேகம் பலாப்பால் மாதிரி. எண்ணெய் தடவாத கையால் தொட்டுவிட்டால் பிறகு எதைத் தொட்டாலும் ஒட்டும். பெலிக்ஸின் பேன்ட் இடுப்பில் தொளதொளவென்று இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. பிரிட்ஜில் ஒரு பாட்டில் தண்ணீர் நிற்பதில்லை என்பதும். மூன்று பாட்டில் நிரப்பி வைத்தால் சாயங்காலம் மூன்றும் காலி. மே மாத வெயில்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவனுடைய அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. கால் விரல் இரண்டை எடுத்த பிறகுதான் அந்த மனிதர் வீட்டில் சொன்னார். மறைக்கிற ரத்தம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மிஷினில் இன்னொன்று இருந்தது. நூற்றிநாலு. சனிக்கிழமை மற்றொன்று. நூற்றிப்பதினாறு. அவள் காலண்டரைப் பார்த்தாள். பெலிக்ஸுக்கு ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு. செவ்வாய், வியாழன், சனி மூன்றும் ஓய்வு நாள். பேனாவை எடுத்து அந்த மூன்று கட்டங்களிலும் சின்னதாகப் புள்ளி வைத்தாள்.

அவனோடு பல வருடமாக ஓடுகிற கண்டக்டர் ஐயனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இவரு டீயில சீனி போடுறாரா?"

"யாரு, ஒன் வீட்டுக்காரனா? டீயில சீனி போடுறதாவது! அவன் சீனியில டீ ஊத்திக் குடிக்கிற ஆளு தங்கச்சி."

"இப்பவுமா?"

"நேத்துக்கூட கடைக்காரன், 'அண்ணே, நீங்க வந்தா டப்பாவுக்குப் பூட்டுப் போடணும்'னான். ஏன், என்ன சேதி?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா."

சும்மாவா? அவள் கணக்கு அப்படியே பொருந்தியது. திருட்டுத்தனமாகச் சீனி, திருட்டுத்தனமாகச் சோதனை. அவளுக்குத் தெரிந்தால் அவளுடைய நோயோடு தன்னுடையதையும் சேர்த்துச் சுமப்பாள் என்று ஒளிக்கிறான். பாசம்தான். ஆனாலும் பொய் பொய்தானே. அப்படி நினைத்தபோது அவளுக்குக் கோபத்தோடு லேசாக ஒரு பூரிப்பும் வந்தது. அந்தப் பூரிப்பைப் பிற்பாடு அவள் மன்னிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மாவும் மகளும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஜூன் முதல் ஞாயிறு ஆராதனையில் இருவரும் சேர்ந்து வாசிப்பதாகப் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலங்களை ஞானமணி யாருக்கும் கொடுப்பதில்லை. நோய்க்குக்கூட. ஊசியைப் போட்டுவிட்டு, 'ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடாதே' என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்து உட்காருவாள்.

இரண்டாவது அடியில் அவள் காது நிமிர்ந்தது. மூன்றாவது சுரம் ஒரு மயிரிழை பிந்தி வந்தது. பிளெஸ்ஸியின் வலது கையைப் பார்த்தாள். மோதிர விரல் உள்ளே மடங்கியிருந்தது.

"என்ன இது புதுப் பழக்கம்? எனக்கு வேற வழியில்ல, மடக்குறேன். ஒனக்கென்ன கேடு?"

"இப்படித்தான்மா வருது."

"வராது. வெரல நீட்டு."

"நீ வாசிக்கிறதே அழகா இருக்கும்மா. அதான்."

புகழ்ச்சிக்கு மயங்காத ஆசிரியை உண்டா? ஞானமணி செல்லமாக மகள் தலையில் தட்டிவிட்டுத் தன் பகுதியை வாசித்தாள். பிளெஸ்ஸி எழுந்துபோய்ப் பிரிட்ஜைத் திறந்தாள்.

"எனக்கும் ஒரு வாய் குடு, பாப்பா" என்றான் பெலிக்ஸ் கட்டிலில் படுத்தபடி.

"காலியாயிருச்சுப்பா."

"பாத்தீங்களா?" என்று ஞானமணி அவனைத்தான் முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்து வந்த பெலிக்ஸ் தோளில் ஒரு பலாப்பழத்தோடு இறங்கினான். கறம்பக்குடியில் இருக்கும் அவன் தங்கை வனிதா கொடுத்தனுப்பியது. திருக்கோகர்ணத்தில் அவர்கள் தெருவே மணத்தது. ஞானமணி ஒரே ஒரு சுளையை எடுத்து, அதற்கு வேண்டிய இன்சுலினை மனதுக்குள் கூட்டிக்கொண்டாள். பெலிக்ஸ் பத்துக்கு மேல் தின்றான். அவள் எண்ணினாள். திங்கட்கிழமை அவனுக்கு ஓய்வு. புது அளவை எதிர்பார்த்து மிஷினைத் திறந்தாள். எதுவும் இல்லை. உஷாராகிவிட்டான் என்று முடிவு கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை, ஆபீஸில் பன்னிரண்டு மணிக்கு மேல் அவளுக்கு ஒரு போன்.

"மணி, டயரு பஞ்சர். கறம்பக்குடிக்கு இந்தப் பக்கமே நிக்கிறோம். இன்னைக்கு வர லேட்டாவும்."

"வெயில்லயா நிக்கிறீங்க?"

"மரத்தடிதான். ஐயனாரு ஜாக்கி போடுறாரு, நான் மேஸ்திரி வேலை பாக்குறேன்."

"தங்கச்சி, இவன் பொய்யி சொல்றான், நானும் மேஸ்திரிதான்!" என்று பின்னால் ஐயனாரின் குரல் கேட்டது. அவள் சிரித்தாள்.

சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு அலமாரியிலிருந்து மிஷினை எடுத்தாள். பழக்கம்தான். எதையும் எதிர்பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டு பத்து. இருநூற்றிப்பதினாலு.

செல்போனை எடுத்து பெலிக்ஸின் அழைப்பைத் தேடினாள். பன்னிரண்டு எட்டுக்கு வந்து நாலு நிமிடம் பேசியிருக்கிறது. பன்னிரண்டு பத்துக்கு அவன் கறம்பக்குடி ரோட்டில் மரத்தடியில் நின்று அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் இல்லை. அவளும் இல்லை.

ஞானமணி காலண்டரில் தான் வைத்த மூன்று புள்ளிகளைப் பார்த்தாள். இந்த வீட்டில் மூன்று பேர். ஒரு வாரமாக அவள் இரண்டு பேருக்குள்ளேயே திருடனைத் தேடியிருக்கிறாள். மூன்றாவது ஆளை நினைக்காததற்குக் காரணம் இருந்தது. பள்ளியில் தடுப்பூசி போட்ட அன்றைக்குப் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டவள் பிளெஸ்ஸி. அம்மா வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும்போது அடுப்படிக்கு ஓடிவிடுகிறவள். ஊசியைக் கண்டு ஓடுகிற பிள்ளை தானாக ஊசியை எடுப்பாளா?

எடுப்பாள், ஊசியைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்திருந்தால்.

எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பகலெல்லாம் வீட்டில் இருப்பது லீவில் இருக்கும் பிள்ளைதான். காலி பாட்டில்கள். மோதிர விரல் மடங்கிப் பிந்திய மூன்றாவது சுரம். ஏப்ரலில் கறம்பக்குடிக் கல்யாணத்தில் பந்தி நடுவே வனிதா சொன்னது: "ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கு வராமயா போகும்? இப்பவே பாருங்க அண்ணி, புள்ள எப்படி எளைச்சுப் போச்சு!" ஞானமணி அதைக் கேட்காதது மாதிரி ரசம் ஊற்றச் சொன்னாள். பக்கத்து இலையில் பிளெஸ்ஸி இருந்தாள். ஜாங்கிரியை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தாள்.

கூடத்தில் கிட்டார் கேட்டது. ஞானமணி மிஷினைக் கையில் வைத்துக்கொண்டே போனாள். பிளெஸ்ஸி பாயில் உட்கார்ந்து ஜூன் ஆராதனைப் பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டில் பலாக்கொட்டைகள், ஈ மொய்த்தபடி.

"சீக்கிரம் வந்துட்டியாம்மா?"

"ம்." ஞானமணி எதிரே உட்கார்ந்தாள். மிஷினைத் தொடைக்கும் பாய்க்கும் நடுவில் வைத்தாள். "ரெண்டாவது அடி வாசி. மோதிர வெரல நீட்டி."

"அப்புறமா வாசிக்கிறேம்மா."

"இப்ப வாசி."

பிளெஸ்ஸி வாசித்தாள். முதல் சுரம், இரண்டாவது சுரம். மோதிர விரல் கம்பியைத் தொட்டதும் அவள் தோள் சற்றே தூக்கிப் போட்டது. சுரம் சரியான நேரத்துக்கு வந்தது. அவள் கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"பலாப்பழம் தின்னியா?"

"நாலு சுளை."

"எப்ப?"

"மத்தியானம். பன்னண்டு இருக்கும்." சொன்ன பிறகுதான் பிளெஸ்ஸியின் கண் அம்மாவின் தொடைப் பக்கம் போனது. திரை இன்னும் அணையவில்லை. "ஏம்மா?"

ஞானமணி பலாக்கொட்டைத் தட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளே எத்தனை தரம் ஏமாந்திருக்கிறாள்! இனிப்பு தொட்ட கையைக் கழுவாமல் குத்தினால் விரலில் ஒட்டிய சீனியையும் சேர்த்து மிஷின் ரத்தம் என்றே காட்டும். சுளை பிய்த்த கைதான். பிசின்தான். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் முந்தைய எண்களும் ஒவ்வொன்றாகக் கூடித்தானே வந்திருக்கின்றன? அந்த மூன்று பாட்டில் தண்ணீர்?

பத்தொன்பது வயதில் அவளும் இப்படித்தான் குடித்தாள். 'வெயிலு, புள்ளைக்குத் தாகம்' என்று அவளுடைய அம்மாவும் அப்போது சொன்னாள்.

அவள் விரல் குத்தும் பேனாவில் புது ஊசி மாற்றினாள். ஒரு சோதனை ஸ்ட்ரிப்பை உருவி மிஷினில் செருகினாள். மிஷின் ஒருமுறை கூவி, ரத்தத் துளிக்காகக் காத்திருந்தது. பிளெஸ்ஸி கிட்டாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலது கை மடிக்குள் கிடந்தது, விரல் அத்தனையும் மூடியபடி.

"பாப்பா, போயி சோப்புப் போட்டு நல்லாக் கையக் கழுவிட்டு வா. அம்மா ஒரே ஒரு தடவ குத்திப் பாத்துக்கிறேன்."