முதுகு தைத்த அகராதி

செருப்புத் தைப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். புத்தகம் கட்டும் தொழில் செய்த அவளும் அப்படித்தான். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் முதலில் தையல் இருக்கும் முதுகைத் தடவுவாள். உள்ளே இருப்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம்.

அன்று மகளுக்கு ஆங்கில அகராதி வாங்கப் பழைய புத்தகக் கடைக்குப் போயிருந்தாள். மகள் மூன்றாம் வகுப்பு. பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் வாயாடி. அப்பா முகம் அறியாத பிள்ளை. அம்மாவுக்கு அவளை விட்டால் வேறு நாதியில்லை.

கடைக்காரர் மூன்று அகராதிகளை எடுத்து வைத்தார்.

“பெருசா இருக்கேன்னு எடுக்காதம்மா. அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். இந்தச் சின்னதுல எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, குழந்தை கண்ணு போயிடும். தெரிஞ்ச வார்த்தை ஒண்ணைத் தேடிப் பாரு. விளக்கம் அந்த வார்த்தையைவிடக் கஷ்டமா இருந்தா வச்சிடு. உதாரண வாக்கியம் இருக்கணும். இந்தப் புதுப் பதிப்பை எடுத்துக்க.”

பொன்னான யோசனை. ஆனால் கேட்டால்தானே! அவள் கண் மேல்தட்டில் கிடந்த நான்காவது அகராதியிலேயே இருந்தது.

“புதுசெல்லாம் வெறும் பசைண்ணே. ஒரு வருஷத்துல ஏடு ஏடா வந்துடும். அது நூல்ல தைச்சது.”

“அது வேணாம்மா. வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டாங்க. தானா திறந்துக்குதாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அகராதியை முதுகில் நிறுத்திக் கையை எடுத்தாள். அது ஓரிடத்தில் விரிந்து விழுந்தது. மறுபடி நிறுத்தினாள். அதே பக்கம்.

“முதுகு ஒடிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. பிரிச்சுத் தைச்சா சரியாப் போயிடும்.”

தொழில் தெரிந்தவளுக்குத்தான் இந்தத் தைரியம் வரும். தெரியாதவர்கள் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிழைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அட்டையைப் பிரித்தபோது, முதுகில் ஒட்டியிருந்த தாளில் ஏதோ குழந்தை வரைந்த படம் இருந்தது. ஒரு வீடு, வாசலில் ஓர் அம்மா. அம்மாவின் ஒரு கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. அந்தக் கை எதையும் பிடித்திருக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டது போலிருக்கிறது பிள்ளை என்று நினைத்துக் கிழித்துப் போட்டாள்.

முதுகுக்கு வேறு கெட்டித் தாள் வேண்டும். புத்தகம் கட்டுபவளுக்கு எந்தத் தாளும் குப்பை இல்லை. கைக்கு எட்டிய இடத்தில் வாயாடி வரைந்த படம் கிடந்தது. வீட்டு வாசலில் அம்மாவும் மகளும் கைகோத்து நிற்கும் படம்.

“அம்மா, அது நம்ம படம்!”

“உள்ளேதானடி இருக்கப்போகுது? எங்க ஓடிடும்?”

தைத்து, ஒட்டி, பாரம் வைத்துக் காயவைத்தாள். புதுத் தையலுக்குப் பழைய பழக்கம் இருக்கக் கூடாது. நிறுத்திக் கையை எடுத்தாள். அதே பக்கம் திறந்தது. கை என்பதற்கான ஆங்கிலச் சொல் அங்கே இருந்தது. உதாரண வாக்கியத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். குழந்தையின் கையை விடாதே என்றிருந்தது. பட்டென்று மூடினாள். புதுத் தையல் இன்னும் படியவில்லை என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

வாயாடிக்கு அகராதி உயிராகிவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் உரக்கப் படிப்பாள். ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். மனப்பாடம் செய்கிறாள் என்று அம்மாவுக்குப் பெருமைதான்.

ஒரு ஞாயிறு மதியம், சமையலறையில் வாயாடி தம்ளரை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் யாரோ சொற்களைப் படிக்கும் சத்தம் கேட்டது.

“யாருடி அது?”

“அந்த புக்குக்குள்ள இருக்கிற அக்கா, அம்மா. அவங்கதான் எனக்குப் படிக்கச் சொல்லித் தராங்க. அவங்க அம்மாவும் உன்ன மாதிரி புக்கு தைப்பாங்களாம்.”

கிழித்துப் போட்ட படத்தில் எதையும் பிடிக்காத அந்தக் கை அம்மாவுக்கு நினைவு வந்தது. மகளை முக்காலியில் உட்காரவைத்தாள்.

“இங்கேயே இரு. நகராத. பேசிக்கிட்டே இரு, உன் சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்.”

பேசச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வாயாடி ஆரம்பித்துவிட்டாள். டீச்சரின் புதுக் கண்ணாடி, பென்சில் திருடிய தோழி, பல் விழுந்த கதை. அந்தக் குரலைக் காதில் பிடித்துக்கொண்டே முன்னறைக்கு ஓடி, அகராதியின் முதுகைக் கத்தியால் கீறினாள். நூல்கள் அறுந்தன. பல் விழுந்த கதை பாதியில் நின்றது.

தாளை உரித்து வெளியே எடுத்தாள். வீடு இருந்தது. வாசலில் அம்மா இருந்தாள். அவள் கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. அதற்கப்பால் வெறும் வெள்ளைத் தாள், கிரேயான் அழிந்த தடம்கூட இல்லை.

சமையலறையில் முக்காலி காலியாகக் கிடந்தது. தம்ளரில் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லி அலறினாள். வீடு முழுக்க, தெரு முழுக்கக் கத்தினாள்.

திரும்பி வந்தபோது, தையல் அறுந்த அகராதி மேசைமேல் அதே பக்கத்தில் விரிந்திருந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

“அம்மா, நான் பேசிக்கிட்டேதானே இருக்கேன். உனக்குக் கேக்கலையா?”