அலுமாரிக்குள் இருந்த கடிதங்கள்

மன்னாரில் மீள்குடியேறியவர்களின் காணிப் பிணக்குகளைக் கவனிக்கும் அந்தக் கந்தோரின் மின்னஞ்சல்கள் யாவும், அலுமாரிக்குள் வைத்திருந்த கணினியில்தான் சேர்ந்தன. அதனால்தான் அங்கே வேலை செய்யும் முசலி ஊர்ப் பரீனா, தன் காணியைப் பிடித்தவனின் பெயரை மட்டும் இதுவரை எழுதவில்லை.

"கணினியத் தூக்கிட்டுப் போனா எல்லாம் வாசிப்பாங்கதானே, தம்பி?"

"நேற்று எல்லாக் கடிதத்தையும் பூட்டிப்போட்டன், அக்கா. உங்கட கடவுச்சொல் இல்லாமல் திறக்காது," என்றான் கணினியைப் பராமரிக்கும் சாந்தரூபன்.

"பூட்டினவருக்குத் திறக்கத் தெரியாதா?"

அவன் அவளுடைய பழைய கடிதம் ஒன்றைத் திரையில் காட்டினான். ஒன்றும் விளங்காத எழுத்துகளே நிறைந்திருந்தன.

"எனக்கும் இவ்வளவுதான் தெரியும்."

"இதுக்கா இவ்வளவு படிச்சீங்க?"

பரீனா சிரித்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, புதிய கடிதத்தின் முதல் வரியிலேயே அந்தப் பெயரைத் தட்டினாள்.