ஒரு டிக்கூட விழக் கூடாது

"இன்று வானிலை நன்றாக இருக்கிறது" என்று அக்கா ஐந்தாவது முறையாக வாசித்தாள். ஐந்தாவது முறையும் பதிவில் வானிலைக்கு நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம் விழுந்தது.

தம்பிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நாளைக் காலையில் அக்காவின் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். கட்டி அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. உயிரா குரலா என்று டாக்டர் கேட்டால் யார்தான் என்ன பதில் சொல்ல முடியும்? இனி அவள் தட்டச்சு செய்வதை ஒரு கருவி பேசும். அது அக்காவின் குரலிலேயே பேச வேண்டுமானால், குறைந்தது நூறு வாக்கியங்களை அவள் முன்கூட்டியே வாசித்துப் பதிவு செய்து, கருவி செய்யும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஒரு டிக் விழுந்தாலும் அந்த வாக்கியத்தைத் தள்ளிவிடுவார்கள். ஐந்து மணிக்கு அத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வருகிறார். இப்போது மணி இரண்டே கால். தேறியவை முப்பத்தெட்டு.

"யாருடா இதையெல்லாம் எழுதுனது? இருபது வருஷமா டிரைவிங் சொல்லிக் கொடுக்கறேன். என்னிக்காவது வானிலை நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேனா? 'பிரேக்கை மிதி'ன்னுதான் கத்தியிருக்கேன்."

"பேசாதேக்கா, குரலை வீணாக்காதே."

"அப்ப உன் டப்பாவை ஒழுங்கா வேலை செய்யச் சொல்லு."

டப்பா என்றது கணினியை. விளம்பரங்களுக்கு இசை போட்டுக் கொடுப்பது தம்பியின் பிழைப்பு. படுக்கையறையில் பாதியைத் தடுத்து, சுவரில் பழைய கம்பளிகளை அடித்து, அவனே உண்டாக்கிய ஸ்டுடியோ இது. முந்தாநாள் வரை முப்பது வாத்தியங்களை ஒன்றாக ஓட்டினாலும் முனகாத கணினி, இன்றைக்கு ஒரு மனுஷியின் குரலைத் தாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அவன் சும்மா இருக்கவில்லை. வைஃபையை அணைத்தான். வைரஸ் தடுப்பை நிறுத்தினான். மைக் வயரை மாற்றினான், மாற்றிய வயரையும் மாற்றினான். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டை நீக்கினான். உள்ளே வரும் ஒலியைக் கணினி கொஞ்சம் தேக்கிவைத்துக்கொள்ளும் அளவை இரண்டு மடங்காக்கினான், பிறகு நான்கு மடங்கு. ஒவ்வொன்றும் முடிந்ததும் "ஒரே ஒரு தடவைக்கா" என்று கெஞ்சினான். அவளும் வாசித்தாள். ஒன்று சரியாக வந்தாலும் அடுத்ததில் டிக்.

மூன்றே முக்காலுக்கு அக்காவின் குரல் கரகரக்கத் தொடங்கியது. வெந்நீரை ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். விழுங்கினால் வலிக்கிறது என்பதைக் காலையிலிருந்து அவனிடம் மறைத்துக்கொண்டிருந்தாள். அவனும் தெரியாதவன்போல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கணினியைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டுவிடலாமா என்றிருந்தது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மேஜைக்கும் கதவுக்கும் நடுவில் நாலு எட்டுதான், அதையே திரும்பத் திரும்ப நடந்தான்.

"டேய், நில்லு. நீ நடக்கறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது. ஒண்ணு கேக்கறேன். வண்டி கிளம்பறப்ப நல்லாத்தானே கிளம்புது?"

"எந்த வண்டி?"

"இந்த டப்பாதான்டா. நான் தண்ணி குடிச்சுட்டு வந்து வாசிக்கற முதல் வாக்கியத்துல டிக் வர்றதே இல்ல. அடுத்ததுல வருது. முதல் வாக்கியம் முடிஞ்சதும் இது என்னமோ பண்ணுது. என்ன பண்ணுதுன்னு பாரு."

தம்பி பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் பிடிபட்டது. ஒரு வாக்கியம் முடிந்து சேமிக்கப்பட்டதும் அதை உடனே மூன்று வட்டுகளில் நகலெடுத்து வைக்கும்படி ஒரு புரோகிராமை நேற்றுதான் போட்டிருந்தான். அக்கா இரண்டாவது வாக்கியத்தை வாசிக்கும்போது கணினி முதல் வாக்கியத்தை மூன்று இடங்களுக்குச் சுமந்துகொண்டிருந்தது. வேறு எல்லாவற்றையும் நிறுத்தியவன் இதை மட்டும் நிறுத்த நினைக்கவே இல்லை. வேறு யார் பதிவுக்கும் அவன் இப்படி மூன்று நகல் எடுத்ததில்லை.

"நான்தான்க்கா" என்றான். "நான்தான் கெடுத்தேன். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு..."

"மூணா?"

"உன் குரல் போயிட்டா அப்புறம் எங்க போய்த் தேடறது?"

அக்கா திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவள் காகிதத்தைப் புரட்டினாள்.

"சரி, அதை அணை. நாப்பத்தி ரெண்டாவது எது?"

அணைக்க அவன் விரல் வரவில்லை. நகல் இல்லாமல் அக்காவின் ஒரு சொல்லைக்கூட வைத்துக்கொள்ள அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் எட்டி அவன் கையைப் பிடித்து, வண்டி பழக வந்தவர்களின் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் மவுஸை நகர்த்தி, அழுத்தினாள்.

அதன்பிறகு டிக் விழவில்லை. அக்கா நிறுத்தாமல் வாசித்தாள். ஐம்பது, அறுபது, எழுபது. தொண்ணூறுக்கு மேல் குரல் இழுத்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். வாசலில் அத்தான் ஹாரன் அடித்தபோது நூறு முடிந்திருந்தது. தம்பி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"பயமா இருக்குடா" என்றாள் அக்கா.

அவன் நிமிர்ந்தான். மைக் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நூற்றியொன்றாவதாக அந்த வார்த்தைகள் பதிவாகியிருந்தன. கரகரப்பு இல்லை, டிக் இல்லை. காலையிலிருந்து பதிந்ததிலேயே அதுதான் அவளுடைய சொந்தக் குரலாக இருந்தது.

"அதை அழிச்சுடு."

"அக்கா, இது ஒண்ணாவது..."

"அந்த மெஷின் என் குரல்ல வானிலையப் பத்திப் பேசட்டும், என்ன வேணா பேசட்டும். இதைப் பேசக் கூடாது. அழிடா."

அத்தான் மறுபடியும் ஹாரன் அடித்தார். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. தம்பி ஆம் என்பதை அழுத்தினான். நகலெடுப்பதை நிறுத்தியிருந்ததால் அந்த வாக்கியம் வேறு எங்கும் இல்லை.