வால்டரின் ரிஃப்ளெக்டர்

ஞாயிறு பூசை முடிந்து வந்து பீரோவைத் திறந்தால் சந்தனக் கிண்ணத்தைக் காணோம். பன்னீர்ச் செம்பு இருக்கிறது, தட்டு இருக்கிறது, அம்மா எனக்குப் போட்ட வெள்ளிக் கிண்ணம் மட்டும் இல்லை. இன்னும் சற்று நேரத்தில் என் மகள் ஆலிஸை நிச்சயம் பண்ணத் திருவொற்றியூரிலிருந்து வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கவும் முடியாது. மாப்பிள்ளையின் அம்மா ஃப்ளோரன்ஸ், பெண் பார்க்க வந்த அன்றே அந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்து அடியில் முத்திரை பார்த்தவள்.

யார் வேலை என்று யோசிக்க வேண்டியதே இல்லை. என் புருஷன் வால்டர் துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர். தரையில் நின்றே கிரேன் உச்சியிலுள்ள கப்பியைப் பார்க்க ஒரு டார்ச் செய்கிறேன் என்று மாதக்கணக்காக என் உயிரை எடுத்தான். கடை டார்ச்சில் ரிஃப்ளெக்டர் ஆழம் போதாதாம், வெளிச்சம் பரந்து வீணாகிறதாம். பால் பவுடர் டப்பா மூடி, என் அலுமினியக் கரண்டி எல்லாவற்றையும் மரக்கட்டைக் குழியில் வைத்துத் தட்டித் தட்டி நாசம் பண்ணினான். பொறுத்துக்கொண்டேன்.

"யோவ், கிண்ணம் எங்க?"

அவன் முகத்தில் பயம் இல்லை, பெருமைதான் இருந்தது. மூணு பேட்டரிக் கட்டை போடும் டார்ச்சை நீட்டினான். அதன் தலைக்குள் என் அம்மாவின் கிண்ணம். பற்பொடி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. முத்திரை இருந்த இடத்தில் பல்பு நுழைய ஒரு ஓட்டை.

"வெள்ளி மாரி வெளிச்சத்த வாரி அட்க்கறது வேற இன்னா கீது, ஹில்டா? பல்ப்ப ஒரு நூல் பின்னால தள்ளினதும் எப்டி குவியுது தெரியுமா! நேத்து ராத்திரி இங்கேந்தே கோயில் மணி தெரிஞ்சிது."

மனுஷனை அப்படியே அடுப்பில் வைக்கலாம் போல இருந்தது.

"அவங்க வந்துகினு கீறாங்கய்யா!"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவசரமாகக் கிண்ணத்தைக் கழற்றினான். ஆலிஸ் மெழுகுவர்த்தியோடு ஓடி வந்தாள். "எம்மா, மெழுக உருக்கி அடச்சிடலாம்மா."

மெழுகுவர்த்தியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு வால்டர் பக்கம் திரும்பினேன்.

"நீ போட்ட ஓட்டைய நீயே அடச்சிகினு நில்லு."

வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டது. அதற்குள் நான் சந்தனத்தைக் கரைத்து ஊற்றிவிட்டேன். தண்ணியாகத்தான் கரைத்தேன், வேண்டுமென்றேதான். வால்டர் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக் கிண்ணத்தை ஏந்தியபடி எல்லாரையும் வரவேற்றான். ஒவ்வொருவரும் விரலால் தொட்டுக் கழுத்தில் பூசிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஃப்ளோரன்ஸ் தொட்டபின் நகரவில்லை.

"இன்னா சம்மந்தி, அப்டியே புட்சிகினு கீறீங்க? யாரு தூக்கினு பூடப் போறா? கீழ வையுங்க."

வால்டர் என்னைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அவன் கண் எப்போதும் ஏதாவது இரும்பின் மேல்தான் இருக்கும். சந்தனம் விரலிடுக்கில் கசிந்து, மணிக்கட்டு வழியாக வெள்ளைச் சட்டையின் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளைத் துணி விரித்த ஸ்டூலை அவன் முன்னால் நகர்த்தினேன்.

அவன் விரலை எடுக்கவில்லை. தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஆலிஸ் நிமிர்ந்தாள். அப்பனை அவள் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். துணியில் முதல் சொட்டு மஞ்சளாக விழுந்தது.