ஆடிச் செவ்வாயில் போட்ட பில்

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் எல்லாம் சௌக்கியம்தானே? இந்தப் புழுக்கத்துக்கு மோர் குடிக்கிறீர்களா, இல்லை வேளாவேளைக்குக் காபியையே ஊற்றிக்கொள்கிறீர்களா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது ஷரீஃபா கார் வாங்கின கதை. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் நடந்தது.

பொழிச்சலூரில் விமானம் தாழ இறங்குகிற தெரு ஒன்று. விமானம் போகும்போது டி.வி.யில் யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது. அந்தத் தெருவில் கீழ்வீடு ஷரீஃபாவுடையது. மாடியில் சாவித்ரி மாமியும் அவர் கணவர் சாம்பசிவனும். ஷரீஃபாவின் கணவர் ஹனீஃபாவுக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கேட், கிரில் செய்கிற சின்னப் பட்டறை. முந்தைய வருஷம் ஒரு இரும்புச் சட்டம் சரிந்து அவர் முழங்காலில் விழுந்தது. ஆபரேஷன் ஆகி எலும்பு சேர்ந்தும் முட்டி சரியாக மடங்கவில்லை. ஸ்கூட்டர் ஓட்ட முடியாது, பஸ் படி ஏற முடியாது. தினமும் ஆட்டோவில் போய்வந்தால் பட்டறை வருமானத்தில் பாதி அதற்கே சரியாகிவிடும். அதனால் வாரத்தில் பாதி நாள் மனிதர் வீட்டிலேயே மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். முன்பெல்லாம் சத்தமாகச் சிரிப்பவர், இப்போது பேச்சே குறைந்துவிட்டது.

ஷரீஃபாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பம்மலில் ஜெயக்கொடி நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, அந்த அம்மாவிடம் "அக்கா, கிளட்ச்ச என்னாத்துக்கு இப்டி மிதிக்கிற, அது இன்னா கரப்பான்பூச்சியா?" என்று திட்டு வாங்கியே ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸும் வந்துவிட்டது. கார் வாங்க வேண்டும், காலையில் அவரைப் பட்டறையில் இறக்கிவிட வேண்டும், சாயங்காலம் கூட்டிவர வேண்டும். சேமித்த பணம் ஒரு சின்னக் காருக்குச் சரியாக இருந்தது. கடன் என்ற பேச்சே கிடையாது. வட்டி கொடுப்பதும் வாங்குவதும் மார்க்கத்தில் ஆகாது என்று அந்தக் குடும்பத்தில் ஒரு ரூபாய்க்குக்கூட அதைச் செய்ததில்லை.

ஜூலை மாத ஆரம்பத்தில் குரோம்பேட்டை பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஷோரூமுக்கு இரண்டு பேரும் போனார்கள். டை கட்டின ஸ்ரீரங்கன் என்கிற விற்பனைப் பையன் ஓடிவந்து வரவேற்றான்.

"வாங்க சார்! சாருக்கு டெஸ்ட் டிரைவ் ஏற்பாடு பண்ணட்டுமா?"

"ஓட்டப்போறது நான்" என்றாள் ஷரீஃபா.

"ஓ, சூப்பர் மேடம்!" என்றவன் மறுபடியும் ஹனீஃபா பக்கமே திரும்பி மைலேஜ் சொன்னான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து ஹனீஃபா செய்த காரியம் இருக்கிறதே! நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "தம்பி, எப்பிடியாவது சீக்கிரமா குடுத்துருங்கப்பா. காலு இந்த நெலமையில இருக்கு. ஆட்டோவுக்கே கொட்டி அழுதுகினு இருக்கேன்" என்று மனசைத் திறந்து கொட்டிவிட்டார். பையன் முகத்தில் பல்பு எரிந்தது. மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்து எச்சரிக்கலாம் என்று ஷரீஃபா பார்த்தால், அவள் பக்கம் இருந்தது அடிபட்ட கால்.

அதற்கப்புறம் ஸ்ரீரங்கன் ராஜா மாதிரி பேசினான். "லோன் போட்டா முப்பதாயிரம் குறையும் மேடம். ரொக்கம்னா ஃபுல் ரேட்."

"மொத்தக் காசையும் ஒரே தடவையா வைக்கிறவளுக்கு வெல ஜாஸ்தி, கடன் வாங்குறவங்களுக்குக் கம்மியா? என்ன தம்பி நியாயம் இது?"

"அப்படித்தான் மேடம் ஸ்கீம்." ஒவ்வொரு கடனுக்கும் பைனான்ஸ்காரர்கள் ஷோரூமுக்கு ஒரு பங்கு தருவார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. "சின்ன லோன்தான். ஒரு வருஷத்துல முடிஞ்சிரும். அப்புறம் சீட் கவர், மேட்டு, பர்ஃப்யூம் எல்லாம் சேர்த்து ஒரு கிட் இருக்கு. அது கம்பல்சரி."

"பர்ஃப்யூம் இல்லன்னா வண்டி கெளம்பாதா?"

பையன் சிரித்துவிட்டு, "இருங்க, மேனேஜர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்" என்று கண்ணாடி அறைக்குள் போனான். ஷரீஃபா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மேனேஜர் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். பையன் ஓரமாக நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான், டையைச் சரிசெய்தான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தான். "முடியவே முடியாதுன்னுட்டாங்க மேடம். இந்த ஆஃபரே இன்னும் ரெண்டு நாளுக்குத்தான்."

"யோசிச்சு சொல்றோம்" என்று எழுந்துவிட்டாள்.

ஆட்டோவில் ஹனீஃபா மெல்ல ஆரம்பித்தார். "போட்டுரலாமா ஷரீஃபா? ஒரு வருஷம்தானே. அல்லாஹ் மன்னிப்பான்."

"மன்னிக்க அவன் இருக்கான். கேக்கத்தான் எனக்கு வாய் வராது. நீங்க பேசாம வாங்க."

சொல்லிவிட்டாளே ஒழிய, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இவர் காலைப் பார்த்தால் நாளைக்கே கார் வேண்டும். அந்தப் பையன் முகத்தைப் பார்த்தால் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கக்கூடாது.

ஆடி பிறந்தது. ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சாவித்ரி மாமி புலம்பினார். அவர்கள் வீட்டிலும் அதே ஷோரூமில்தான் கார் பதிவு செய்திருந்தார்கள்.

"தினமும் போன் பண்ணி பிராணன வாங்கறான் ஷரீஃபா. வண்டி வந்துடுத்தாம். ஆடில யாராவது புது வண்டி எடுப்பாளா? ஆவணி பொறக்கட்டும்னு மாமா சொல்லிட்டார். சரி, டெலிவரி அப்புறம் எடுத்துக்கோங்கோ, பில்லையாவது இந்த மாசத்துக்குள்ள போட்டுக்கறேன்னு கெஞ்சறான். பில்லும் ஆடில வேண்டாம்னு இவர் பஞ்சாங்கத்தக் கையில வெச்சுண்டு ஒத்தக்கால்ல நிக்கறார்."

ஷரீஃபா கையிலிருந்த கிளிப்பை அப்படியே வைத்துவிட்டாள். "மாமி, அவனுக்கு பில்லு எதுக்கு இந்த மாசத்துக்குள்ள வேணும்?"

"கம்பெனி அவாளுக்கு மாசா மாசம் இத்தன வண்டின்னு கணக்கு வெச்சிருக்காம். அது வரலேன்னா அவாளோட போனஸ் போயிடுமாம். ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள போட்டாகணும்னு அழறான்."

கம்பெனிக்கு இங்கிலீஷ் மாதம், வாடிக்கையாளருக்குத் தமிழ் மாதம். இரண்டுக்கும் நடுவே அந்த ஷோரூம் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. ஷரீஃபாவின் வீட்டில் மாட்டியிருப்பதோ பிறைக் காலண்டர். அவளுக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். யாருக்கும் ஆகாத அந்த நாள் அவளுக்காகவே காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"மாமி, முப்பத்தொண்ணு என்ன கெழம?"

"செவ்வாய். ஆடிச் செவ்வாய்! மூணுலேர்ந்து நாலரை ராகு காலம் வேற. ஏண்டி, அந்த நேரத்துலயா போகப்போறே?"

"உங்களுக்கு ஆகாத நேரம்தான் மாமி எனக்குத் தோதான நேரம்."

ஸ்ரீரங்கனுக்குப் போன் போட்டாள் என்று நினைக்கிறீர்களா? ஒரு போன்கூடப் போடவில்லை. அவன்தான் இரண்டு தடவை போன் செய்தான். "பாப்போம் தம்பி" என்று வைத்துவிட்டாள். முப்பத்தொன்றாம் தேதி காலையில் பேங்குக்குப் போய், அவன் கடனுக்கென்று சொன்ன அந்தக் குறைந்த விலைக்கு ஷோரூம் பெயரில் டிடி எடுத்தாள். கிட்டுக்கு ஒரு பைசா சேர்க்கவில்லை. கிளம்பும்போது கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "டீ குடுப்பாங்க. வாயத் தெறக்குறது அதுக்கு மட்டும்தான்."

மூன்று மணிக்கு ஷோரூம் காலியாகக் கிடந்தது. அத்தனை கார்களும் தூசி தட்டி நிற்க, பார்க்க ஆள் இல்லை. ஸ்ரீரங்கன் ஓடிவந்தான். இந்தத் தடவை முதலில் "வாங்க மேடம்!" என்றான்.

"அந்த வெள்ளை வண்டி. கடனுக்குச் சொன்ன அதே வெல. கடன் கெடையாது. கிட்டும் வேணாம். இன்னிக்கே பில்லு" என்றாள் ஷரீஃபா.

"மேனேஜர்கிட்ட கேட்டுட்டு..."

"உள்ள போய் தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குப் பதிலா, அவங்களையே இங்க வரச் சொல்லு தம்பி. உனக்குத் தண்ணி நான் தர்றேன்." கையிலிருந்த பாட்டிலை மேசையில் வைத்தாள். பையன் காது வரைக்கும் சிவந்துவிட்டான்.

மேனேஜர் மெட்டில்டா வந்தார். மூக்குக் கண்ணாடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, லேசில் மசியாத முகம். "மேடம், ரொக்கத்துக்கு அந்த ரேட் கட்டுப்படியாகாது. இன்னைக்குன்னு இல்ல, என்னைக்குமே. வேணும்னா கிட்ல பாதி குறைக்கிறேன்."

"பரவால்ல மேடம். நாங்க இப்பிடியே உக்காந்திருக்கோம். நீங்க எப்ப மூடுவீங்க?"

மெட்டில்டா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். டீ வந்தது. ஹனீஃபா குடித்தார். பக்கத்து மேசையில் ஸ்ரீரங்கன் போனை எடுத்தான். "சார் வணக்கம், பில் மட்டும்... இல்ல சார், ஆடிதான், ஆனா... சரி சார்." அடுத்த போன். "மேடம், டெலிவரி ஆவணியில... ஐயோ, கோவிச்சுக்காதீங்க மேடம்." அதற்கும் அடுத்தது, "சாம்பசிவன் சாரா? பொழிச்சலூர்தானே சார்?"

ஷரீஃபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுமுனையில் மாமா பஞ்சாங்கத்தைப் பிரித்திருப்பார். எதிர்பார்த்தபடியே பையன் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டான். மாமா திதி, நட்சத்திரம் எல்லாம் சொல்லி முடிக்கும்வரை "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டினான்.

மறுபடி மெட்டில்டா வந்தார். இந்தத் தடவை ஷரீஃபாவை விட்டுவிட்டு ஹனீஃபாவுக்கு எதிரே உட்கார்ந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"பாய், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஒண்ணு பண்ணலாம். பேருக்கு ஒரு சின்ன லோன் போடுவோம். அடுத்த மாசமே க்ளோஸ் பண்ணிருங்க. அந்த ஒரு மாச வட்டிய நாங்களே கட்டிடறோம். உங்க கையிலேர்ந்து ஒரு பைசா போகாது. வண்டி இந்த வாரமே வூட்டு வாசல்ல நிக்கும். என்ன சொல்றீங்க?"

இதை ஷரீஃபா எதிர்பார்க்கவில்லை. இவர் சரி என்று தலையாட்டிவிட்டால் அத்தனையும் போச்சு. மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த மனிதர், இந்த வாரமே வண்டி என்றால் ஆசை வராமல் இருக்குமா? அவர் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். மடங்காத காலைக் கையால் தூக்கி நகர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காசு யார் கட்டுனா என்ன மேடம்? கையெழுத்து என்னுது. வட்டி என் பேர்லதானே இருக்கும்? வேணாம். இன்னும் கொஞ்ச நாள் ஆட்டோவுல போயிக்கிறேன்."

ஷரீஃபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை. பையிலிருந்து டிடியை எடுத்து மேசையில் வைத்தாள்.

மெட்டில்டா படித்துப் பார்த்தார். "இதுல கிட்டுக்குப் பணம் இல்லையே?"

"பேங்க் மூடிட்டாங்க மேடம். இதுக்கு மேல ஒரு ரூபா சேக்க முடியாது."

"கையில கொஞ்சமாவது இருக்கும்ல?"

ஷரீஃபா பர்ஸைத் திறந்து காட்டினாள். "ஆட்டோ காசு இருக்கு. வாங்கிக்கங்க. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் நீங்கதான் வூட்ல கொண்டுபோய் விடணும். இல்ல, இது வேணாம்னா சொல்லுங்க. நாளைக்கு கேன்சல் பண்ணிட்டு கிண்டில இன்னொரு ஷோரூம் போறேன். நாளைக்கு ஒண்ணாந்தேதி. எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான்."

மெட்டில்டா கண்ணாடியைக் கழற்றினார். அப்படியே சிரித்துவிட்டார். "எல்லாம் தெரிஞ்சுகிட்டுத்தான் வந்திருக்கீங்க! எனக்கும் ஆடி கிடையாது மேடம். என் ஷோரூமுக்குத்தான் இருக்கு. ஸ்ரீரங்கா, பில் போடு."

ஸ்ரீரங்கன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நெளிந்தான். "மேடம்... நாலரை ஆகட்டுமே? கொஞ்ச நேரம்தான் இருக்கு..."

"இப்பவே போடு தம்பி" என்றாள் ஷரீஃபா. "அஸர் தொழ வூட்டுக்குப் போகணும். வண்டி ஓட்டப்போறது நான். உன் ராகு என்னிய ஒண்ணும் பண்ண மாட்டாரு."

பதிவெல்லாம் முடிந்து அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு அப்புறம் வண்டி எடுக்கப் போனார்கள். ஸ்ரீரங்கன் பழக்க தோஷத்தில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு டயர் பக்கம் குனிந்தவன், அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து திருதிருவென்று விழித்தான்.

"குடு தம்பி, இந்த வெயிலுக்கு ஜூஸ் போட்டா நல்லாருக்கும்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வண்டிக்குள் காலடியில் ஒரு மேட்டும் கிடந்தது. "மெட்டில்டா மேடம் போடச் சொன்னாங்க, சும்மாதான்" என்றான்.

"பிஸ்மில்லாஹ்" சொல்லிச் சாவியைத் திருப்பினாள். பம்மல் சிக்னலில் வண்டி ஒருதடவை அணைந்துபோனது. பின்னால் தண்ணீர் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். "இர்றா, எறும்பு கூட்டமா வருது, வழி விடுறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளப்பினாள். ஹனீஃபா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! திருநீர்மலையைத் தாண்டி, தொழிற்பேட்டைக்குள் நுழைந்து, பட்டறை வாசலிலேயே வண்டியை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை பாதிப் பொழுது போய்விட்டதே, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அவரே கதவைத் திறந்து, காலை வெளியே நீட்டி, தூணைப் பிடித்து இறங்கிவிட்டார். இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி ஜன்னலில் குனிந்தார்.

"ஷரீஃபா, ஆறரைக்கு வந்துரு. லேட் பண்ணாத. எனக்கு வேலை நெறைய கெடக்கு, நின்னுகினு இருக்க முடியாது."

உள்ளே வெல்டிங் சத்தம் கேட்டது. அவள் வண்டியைத் திருப்பினாள்.

அவ்வளவுதான். இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டு முதல் காரை எப்படிப் பேசி வாங்கினீர்கள்? எந்த மேட்டை, எந்த சீட் கவரை உங்கள் தலையில் கட்டினார்கள்? யார் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்தார்கள், யார் வாயைத் திறந்து காப்பாற்றினார்கள்? ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.